சித்தியின் மாஸ்க்

யாரப்பா அது, லைட்டைப் போடாதே. பயந்தால் பக்கத்தில் இருப்பவன் கையைப் பிடித்துக்கொள்.

நண்பன் ஒருவனின் சித்தப்பாவுக்கு நடந்தது இது... இரவு பதினொரு மணி. ஈ காக்கை இல்லாத சாலை. சித்தப்பா காரோட்ட, பக்கத்தில் சித்தி கண்மூடிச் சாய்ந்திருந்தாள். அவளுக்கு மார்பில் வந்த புற்றுநோய் மூளைக்குப் பரவியிருந்தது. பெரிய கட்டியை ஆபரேஷனில் எடுத்தாயிற்று. மிச்சத்தைக் கதிர்வீச்சில் பொசுக்க வேண்டும், தாமதித்தால் மறுபடி வளரும் என்றார் டாக்டர். தொடங்கினால்தானே! போன வாரம் மெஷின் ரிப்பேர். அதற்கு முன்பு மாஸ்க் பொருந்தவில்லை. மெஷின் சரியானதும், தேங்கிய நோயாளிகளை ராத்திரியிலும் கூப்பிட்டார்கள்.

அந்த மாஸ்க் வலை மாதிரி ஓட்டை ஓட்டையான பிளாஸ்டிக். வெந்நீரில் இளக்கி, முகத்தின்மேல் இழுத்துப் பிடித்தால் அச்சு அசலாக உறையும். தலை இம்மியும் அசையாதபடி அதை மேஜையோடு பூட்டித்தான் கதிரைப் பாய்ச்சுவார்கள்.

அன்றும் பொருந்தவில்லை.

"மாத்திரையில முகம் ஊதியிருக்கு சார். புதுசா அச்சு எடுக்கணும்" என்றார் டெக்னீஷியன்.

"போன தடவையும் இதைத்தானே சொன்னீங்க? உங்க கையாலதானே எடுத்தீங்க?"

"எடுத்தேன். ஆனா..." மாஸ்க்கைத் திருப்பிப் பார்த்தார். "இது இவங்க மூக்கே இல்ல சார்."

சித்தியைச் சக்கர நாற்காலியில் வைத்து அடுத்த அறைக்குத் தள்ளிப் போனார். சித்தப்பாவுக்கு வயிறு எரிந்தது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பது சரியாகத்தான் இருக்கிறது!

அறையில் அவர் மட்டும். சில்லென்ற ஏசி. சூடான பிளாஸ்டிக் வாசனை...

"இந்த எழவு என் தலையில வந்திருக்கக் கூடாதா!" என்று வாய்விட்டுக் கத்தினார். அப்படி என்னதான் பொருந்தவில்லை என்று மேஜையில் கிடந்த பழைய மாஸ்க்கை எடுத்துத் தன் முகத்தில் வைத்தார்.

பொருந்தியது.

அவருடைய கோணல் மூக்கு, தாடைப் பள்ளம், எல்லாம். எடுக்கப் பார்த்தார்... வரவில்லை. நின்றுகொண்டுதான் இருந்தார். ஆனாலும் இரண்டு காதருகிலும் பூட்டு விழும் சத்தம். டக்... டக்.

கதவு திறந்தபோது மாஸ்க் அவர் கையில் இருந்தது.

அன்று எடுத்த புது அச்சு சித்திக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. சில வாரங்களில் சிகிச்சை முடிந்தது. ஸ்கேனில் அவள் தலை சுத்தம். சித்தப்பா குழந்தை மாதிரி அழுதார். தனக்கும் ஸ்கேன் எடுக்கச் சொல்லிக் கேட்டதற்கு, "நல்லாத்தானே இருக்கீங்க, வீட்டுக்குப் போங்க" என்று டாக்டர் துரத்திவிட்டார். மண்டையை உடைத்துக்கொள்ளலாம் போலிருந்தது அவருக்கு.

மறுநாள் காலை சித்தி அவரை உலுக்கி எழுப்பினாள்.

"என்னங்க... உங்க முகமெல்லாம் வலை வலையா பதிஞ்சிருக்கு. ராத்திரி எங்க போய்ப் படுத்திருந்தீங்க?"