இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரு வேம்பு

தலைமை ஏற்றிருக்கும் அச்சக அதிபர், நமக்கெல்லாம் மனை பிரித்துத் தந்த மாண்பாளர் ஐயா ஜெயச்சந்திரன் அவர்களே! வெடிமருந்தோடு வாழ்ந்தும் வெடுக்கென்று ஒரு சொல் பேசாத பெரியோர்களே! பகலில் ஆலைக்கும் மாலையில் அடுப்புக்கும் கைகொடுக்கும் தாய்மார்களே! பாயில் இடம் போதாமல் மரத்தடியில் நிற்கும் இளைஞர்களே! வேப்பங்கொல்லைக் குடியிருப்பின் இந்த இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு விழாவில், பட்டாசு ஆலை ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்ற ஆண்டிச்சாமி உங்களை வணங்குகிறேன்.

எங்கே இருக்கிறது நம் குடியிருப்பு? திருத்தங்கல் முடிந்து, பஸ்ஸில் கூட்டம் குறைந்து, மருந்து வாடை அடங்கி, வேப்பம்பூ வாடை தொடங்கும் இடத்தில் இருக்கிறது! மேற்கே மலை தெரியும். அந்த மலையில் பெய்யும் மழை மட்டும் நம்மை எட்டிப் பார்க்காது. காலுக்குக் கீழே கரிசல், தலைக்கு மேலே வெயில். இந்த மண்ணில் இத்தனை நிழல் எப்படி வந்தது? ஆறு வளர்த்ததா? அரசு வளர்த்ததா? இல்லை ஐயா, இல்லை! நம்முடைய அச்சம் வளர்த்தது!

மனை அளந்து கல் ஊன்றிய அன்று, சுவரோடு சுவராக வீடு கட்டலாம் என்றார் சர்வேயர். ஆலையில் திரி செருகும் வேலை பார்த்த என் மனைவி சின்னத்தாய் கேட்டாள்: "ஏன் சார், இம்புட்டு நெருக்கமா கட்டுனா, ஒரு ரூம்ல பிடிச்ச தீ மறு ரூமுக்குத் தாவாதா?"

"இது வீடும்மா, ஆலை இல்ல" என்றார் அவர். நாம் கேட்டோமா? கேட்கவில்லை! ஆலையில் அறைக்கு அறை இடைவெளி, இடைவெளியில் மரம் என்றே பழகியவர்கள் நாம். அடுத்த அறை வெடித்தும் நடுவில் நின்ற மரத்தால் பிழைத்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். பிழைக்காதவர்களின் பிள்ளைகளும் இருக்கிறீர்கள். அதனால் வீட்டுக்கு வீடு இடம் விட்டோம், வேம்பு நட்டோம்.

அதோடு நின்றோமா? ஆலை அறையைப் போலவே வாசற்கதவையும் வெளிப்பக்கம் திறக்க வைத்தோம்! பெண் பார்க்க வந்தவர்கள் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, ஆளில்லை என்று திரும்பிப் போனார்களே! பெண்ணின் தகப்பனார், "இழுக்கணும் சம்பந்தி, இழுக்கணும்!" என்று பஸ் ஸ்டாப் வரை ஓடினாரே! என்ன கேட்டீர்கள்? ஆமாம் தாயே, நம்ம சீனிச்சாமி வீடுதான். அந்த மாப்பிள்ளையும் இங்கேதான் உட்கார்ந்து சிரிக்கிறார்.

சிரித்தது போதும், சங்கடத்துக்கு வருகிறேன். என் பக்கத்து வீட்டுச் சங்கிலிமுத்துவின் இளைய மகன் செழியனுக்குத் தை மாதம் கல்யாணம். இருப்பது ஒரே அறை. அதில் மூத்தவன் குடும்பம்.

"அண்ணாச்சி, நடுவுல உள்ள எடத்தை விட்டுக் குடுத்தீகன்னா மரத்தை எடுத்துட்டு ஒரு ரூம் போட்டுருவேன். இல்லேன்னா பய விருதுநகருக்கு வாடகைக்குப் போயிருவான். அவன் போயிட்டா அவங்க ஆத்தாளுக்குச் சோறு எறங்காது" என்றார். அவருக்குக் கண் கலங்கியது. எனக்கும்தான்.

ஓர் இடைவெளியை அடைத்தால் அடுத்த தெரு சும்மா இருக்குமா? ஒரு மரம் சாய்ந்தால் மற்ற மரங்கள் நிலைக்குமா? இதைப் பேசுவது எளிது. ஆனால் பிள்ளைக்குப் படுக்க இடமில்லாத வீட்டில் போய் நிழலின் பெருமை பேசலாமா? மரத்துக்கு இடம் கேட்கிறவன் மனிதனுக்கு இடம் தர வேண்டாமா? தர வேண்டும் தோழர்களே! என் வீட்டு மொட்டை மாடி சும்மாதான் கிடக்கிறது. சங்கிலிமுத்து, உன் மகனுக்கு அங்கே ரூம் போடு! ஆத்தா கூப்பிட்டால் அவனுக்குக் கேட்கும்!

பொறுங்கள், கைதட்டாதீர்கள். இதை நான் இன்னும் வீட்டில் கேட்கவில்லை. அதோ, பெண்கள் வரிசையில் சின்னத்தாய் எழுந்துவிட்டாள். என்னம்மா? சத்தமாகச் சொல்... கடைசி வரிசைக்குக் கேட்டதா? நானே சொல்கிறேன்.

"நீங்க பேசி முடிக்க விடிஞ்சுரும். காலையிலயே கொத்தனாரை மாடிக்குக் கூட்டிட்டுப் போயி அளந்தாச்சு. கட்டிக்கிட்டு வர்ற பொண்ணுக்கு வெக்கை தெரியாம, சன்னலை மரத்துப் பக்கம் வைக்கச் சொல்லிருக்கேன்" என்கிறாள்!

இனி எனக்கு இந்த மேடையில் வேலையில்லை. பொறுத்துக் கேட்ட தலைவருக்கும், கை தட்டிய உங்களுக்கும், என்னை முந்திக்கொண்ட என் வீட்டுக்காரிக்கும் நெஞ்சார்ந்த நன்றி. வணக்கம்!