கும்பத்தடியில் வைத்த பைல்கள்

கீரிமலையில் அப்பாவுக்குப் பிதிர்க்கடன் முடித்து, பஸ்ஸில் யாழ்ப்பாணம் திரும்பிக்கொண்டிருந்தேன். முன் சீற்றில் முதியோர் இல்லமொன்றில் வேலை செய்யும் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவர் கண்ணை மூடியபடியே சொன்னார்:

“இனி வாணி விழாவுக்கு ஆக்களின்ரை மருத்துவப் பைலொண்டும் வைக்கக் கூடாதாம். பேனை மட்டும்தானாம்.”

“சரஸ்வதிக்கு வைச்சதிலை என்ன பிழை அக்கா?”

“அவ வாசிக்கமாட்டா. வந்த சனம் வாசிக்குமெல்லோ! பூட்டின அலுமாரியிலை கிடந்ததை நானே எடுத்து, சந்தனம் பூசி, கும்பத்தடியிலை அடுக்கினன். கும்பிட வந்த மகன் தாயின்ரை பேரைக் கண்டு திறந்து பார்த்திட்டான்.”

“ஆர், பாக்கியம் அம்மாவின்ரை மகனோ?”

“ஓம். தனக்குப் புற்றுநோய் எண்டு அவனுக்குச் சொல்ல வேண்டாமெண்டு என்ரை கையைப் பிடிச்சுக் கேட்ட மனுசி. பேத்தியின்ரை கலியாணம் முடியட்டுமெண்டு இருந்தவ. இப்ப அவன் கலியாணத்தைத் தள்ளிப் போட்டிட்டான்.”

“நீங்கள் தெரிஞ்சோ செய்தனீங்கள்? சாமிக்கெண்டுதானே வைச்சது.”

“அதைத்தான் நானும் எனக்குச் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறன்.”

சண்டிலிப்பாயில் சனம் ஏறியது. முகம் தெரியாத அந்தத் தாய்க்காக, கையில் தாளில் மடித்திருந்த விபூதிச் சரையோடு சிவனை நினைத்துக்கொண்டேன்.

“அம்மா இப்ப உங்களோடை கதைக்கிறாவோ?”

“கதைக்கிறா. நேற்று, நோ எப்பிடியெண்டு பைலிலை எழுத வேணுமம்மா எண்டு கேட்டன். கட்டில் சட்டத்தை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு, ‘நோகேல்லை எண்டு எழுது பிள்ளை’ எண்டா.”

“எழுதினனீங்களோ?”

“அவ சொன்னதைத்தானே நான் எழுதலாம்.”