லிஃப்டும் சில வெட்டி வழக்குகளும்

மாடிப்படி ஏறுவது உடம்புக்கு நல்லது, ஐயா. எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் இருக்கிறது. ஆனாலும் கட்டடத்துக்குச் சொந்தக்காரனான நான் கொஞ்ச காலமாகப் படியில்தான் ஏறுகிறேன்.

மூன்றாம் மாடித் தையல்காரர் அப்படியில்லை. துணி மூட்டையோடு லிஃப்டில் ஏறினார். அது அறுந்து விழுந்தது. இரண்டு காலும் போயிற்று. இனி மிஷினை எதால் மிதிப்பேன் என்று கேட்டு என் மேல் வழக்குப் போட்டுவிட்டார்.

தொட்டதற்கெல்லாம் வழக்கா என்று எனக்கு மனசு கசந்துபோயிற்று. வெட்டி வழக்குப் போடும் நோய் நாடு முழுக்கப் பரவிவிட்டது என்று பத்திரிகைக்கு எழுதினேன். ஆசிரியர் உதாரணம் கேட்டார். கோர்ட்டில் போய் நாள் முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். வந்தவர்கள் எல்லோருக்கும் நியாயமான குறைதான் இருந்தது. அந்த நோய், நான் போன அன்று மட்டும் லீவு எடுத்துக்கொண்டது.

சரி, பொதுநலனுக்காக உதாரணங்களை நாமே உண்டாக்குவோம் என்று சொந்தக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன். தன் கிராப்பைப் பார்த்து மனைவி சிரித்தாள் என்று என் மச்சான் முடிதிருத்துபவர் மேல் வழக்குப் போட்டான். மழை சாய்வாகப் பெய்தது என்று சித்தப்பா குடைக் கடைக்காரர் மேல் போட்டார். போட்டோவில் வயது தெரிகிறது என்று மாமியார் ஸ்டுடியோ மேல் போட்டார். அவருக்கு நான் சொல்லித்தரவே இல்லை. பத்திரிகையில் வந்தது. ஊரே வயிறு குலுங்கச் சிரித்தது. அதே வரிசையில் தையல்காரரின் வழக்கையும் சேர்த்து எழுதியிருந்தேன்.

பிறகு அவரைப் பார்க்கப் போனேன்.

"லிஃப்டுல ஏறுனதுக்கெல்லாம் கேஸான்னு கேட்டுச் சிரிக்கிறாங்க சார். கால்தான் போச்சு, மானமும் போகணுமா? கேஸ வாபஸ் வாங்கிட்டேன்" என்றார். அவர் மனைவி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உங்கள மாதிரி தங்கமான மனுஷன நான் பாத்ததே இல்ல" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

அந்த அம்மாள்தான் லிஃப்ட் மெக்கானிக்கைத் தேடிப் பிடித்து ஸ்டேஷனுக்கு உங்களிடம் கூட்டிவந்திருக்கிறாள். அவர் சொன்னது உண்மைதான். கம்பி தேய்ந்துவிட்டது, யாரும் ஏறாதீர்கள் என்று அவர் எழுதி மாட்டிய பலகையைக் கழற்றியது நான்தான். வீடு பார்க்க வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள்? தையல்காரர் லிஃப்டில் ஏறியபோதும் நான் பக்கத்தில்தான் இருந்தேன். சொன்னால் பயந்துவிடுவாரே என்று சொல்லவில்லை. மூட்டையை உள்ளே வைக்கக் கைகொடுத்தேன்.

இதற்குப் போய் ஒரு வழக்கு என்கிறீர்கள். நிஜமான வெட்டி வழக்கு ஒன்றாவது கிடைக்காதா என்று அன்றைக்கு எப்படி அலைந்தேன், ஐயா.