அமுக்கு, புடி, விடு

காஞ்சனா: ...காலை எடுக்காதீங்க மாமா. நான் மூடிட்டேன்னு சொல்ற வரைக்கும் எடுக்கக் கூடாது.

குமரவேல்: எடுக்கல அம்மணி. பெடல் மேலதான் வெச்சிருக்கறேன்.

காஞ்சனா: எடுத்தீங்க. ட்யூப்ல ஆயில் பின்னால ஏறுது. வண்டிக்கடியில நாந்தான கெடக்கறேன், எனக்குத் தெரியாதா?

குமரவேல்: சரி, கொஞ்சூண்டு எடுத்தேன். மரத்துப்போச்சு. காலே இல்லாதவனை உக்கார வெச்சு அளவெடுத்துக் கட்டியிருப்பாங்க போல இந்த எம்.ஜி. காரை.

காஞ்சனா: அறுவது வருசத்துக்கு முந்தி இங்கிலாந்துல வண்டி கட்டுனவன் உங்க தொப்பையைக் கனவா கண்டான்?

குமரவேல்: தொப்பைக்கும் காலுக்கும் என்ன சம்பந்தம்?

காஞ்சனா: அப்புறம் யோசிச்சுக்கலாம். முதல்ல இருந்து வருவோம். அமுக்குங்கன்னா மூணு தடவை அமுக்கிட்டு, அப்படியே புடிச்சுக்கணும். சக்கரத்துக்கிட்ட இருக்கற பிரேக் நிப்பிளை நான் தொறப்பேன். ஆயிலோட காத்தும் வெளிய வரும், பெடல் தரைக்குப் போகும். போனதும் போச்சுன்னு சொல்லணும். நான் மூடுவேன். அதுக்கப்புறந்தான் விடணும்.

குமரவேல்: வாரா வாரம் இதுல ஒண்ணைக் கழட்டி மாட்டறோம். எனக்கே பாடம் எடுக்கற.

காஞ்சனா: இன்ச் நிப்பிள்ல பதினொரு எம்.எம். ஸ்பேனரைப் போட்டு முனையை மழுக்கினவரு நீங்க. உங்களுக்குத்தான் பாடம் வேணும். அமுக்குங்க.

குமரவேல்: ஒண்ணு... ரெண்டு... மூணு. புடிச்சுட்டேன்.

காஞ்சனா: தொறந்தேன்.

குமரவேல்: போச்சு.

காஞ்சனா: மூடிட்டேன். விடுங்க. சோடா பாட்டிலாட்டம் குமிழி வருது. வண்டியை வாங்க ரஹீம் பாய் எப்ப வர்றேன்னாரு?

குமரவேல்: மத்தியான லுஹர் தொழுகை முடிச்சுட்டுக் கெளம்பறாராம்.

காஞ்சனா: அப்ப சீக்கிரம் முடிக்கணும். பிரேக் புடிச்சா இன்னிக்கே ஓட்டிட்டுப் போயிருவேன்னாரில்ல?

குமரவேல்: ஆமா. புடிக்கலைன்னா செகந்திராபாத்ல ஒரு டிரையம்ஃப் கார் நிக்குதாம், அதை எடுத்துக்குவாராம். ரெண்டுல ஒண்ணு இன்னிக்கு வீட்டுக்குப் போயாகணுமாம்.

காஞ்சனா: ம்... அமுக்குங்க.

குமரவேல்: ...புடிச்சுட்டேன்.

காஞ்சனா: தொறந்தேன்.

குமரவேல்: போச்சு. ஏன் அம்மணி, நீ சொன்னதாலதான விக்கறோம்?

காஞ்சனா: மூடிட்டேன், விடுங்க. பட்டான்செரு சிக்னல்ல பிரேக் தரைக்குப் போயி, கெமிக்கல் டேங்கருக்குப் பின்னால ஒரு சாண்ல நின்னோம். வித்துத் தொலைங்கன்னு சொல்லாம, ஆரத்தியா எடுப்பாங்க?

குமரவேல்: ஹேண்ட் பிரேக்கை இழுத்தது நீதான். அதை நான் யாருகிட்டயும் மறைக்கல.

காஞ்சனா: ஷேர் ஆட்டோவுல வந்த ஷிப்ட் ஆளுக அத்தனை பேரும் எறங்கிப் பாத்தாங்க. பாதிப் பேரு எங்க கம்பெனி. மறுநாளு கேன்டீன்ல ஒருத்தி கேக்கறா, மேடம் அது சாவி குடுத்தா ஓடுமா, பேட்டரி போடணுமான்னு.

குமரவேல்: அந்தக் கோவத்துல சொன்னதா?

காஞ்சனா: கோவத்துலதான் சொன்னேன். நீங்கதான் மூஞ்சியைத் தூக்கி வெச்சுட்டு, நாளைக்கே விக்கறேன்னீங்க.

குமரவேல்: நீ சொன்ன, நான் சரின்னேன்.

காஞ்சனா: நான் சொன்னதுக்கெல்லாம் சரிங்கற ஆளா நீங்க? பால்கனியில புறா வராம வலை கட்டச் சொல்லி ஆறு மாசமாச்சு.

குமரவேல்: அதுக்கும் சரின்னுதான் சொன்னேன்.

காஞ்சனா: அமுக்குங்க.

குமரவேல்: ...ம்.

காஞ்சனா: தொறந்தேன்.

குமரவேல்: ...போச்சு.

காஞ்சனா: மூடிட்டேன். குமிழியே இல்லைங்க. சுத்தமா வருது. விட்டுட்டு அமுக்கிப் பாருங்க. பெடல் கெட்டியாகியிருக்கணும், எப்படி இருக்குது?

குமரவேல்: ...

காஞ்சனா: மாமா?

குமரவேல்: மெதுமெதுன்னுதான் இருக்குது. இட்லி மாவுல கால் வெச்சாப்புல.

காஞ்சனா: குமிழியே வரலையே.

குமரவேல்: கால் சொல்றதைத்தான நான் சொல்ல முடியும்.

காஞ்சனா: சரி, இன்னொருக்கா. அமுக்குங்க.

குமரவேல்: புடிச்சுட்டேன்.

காஞ்சனா: தொறந்தேன்.

குமரவேல்: போச்சு.

காஞ்சனா: மூடிட்டேன். ஒரு பொட்டுக் காத்து இல்ல. இப்ப?

குமரவேல்: அப்படியேதான் இருக்குது அம்மணி.

ஆரோக்கியமேரி: என்னம்மா, பூசைக்குப் போறப்பவும் காலு வெளிய நீட்டிட்டுக் கெடந்தே. பூசை முடிஞ்சு வந்தும் அதே காலு. வண்டி ஆச்சா இல்லியா?

காஞ்சனா: இல்லைங்க்கா.

குமரவேல்: இல்லைங்க்கா.

ஆரோக்கியமேரி: புருசனும் பொண்டாட்டியும் ஒரே வாயில சொல்றீங்க. நெசமாலுமே விக்கறீங்களா?

குமரவேல்: ஆமாங்க்கா. இப்ப ஆள் வந்துருவாரு. உக்காருங்க, டீ போடச் சொல்லட்டுமா?

ஆரோக்கியமேரி: யாரு போடறது, அடியில கெடக்கறவளா? டீ நக்கோ, வேணாம். ஏன் விக்கறீங்க? அழகா செவப்பா நிக்குது.

காஞ்சனா: பிரேக் இல்லாத அழகை வெச்சு என்னக்கா பண்றது?

ஆரோக்கியமேரி: ஹவ், ஆமா, அதுவும் சரிதான். எனக்கும் நல்லது. மத்த நாள்ல கீழ் வீட்டுல ஆள் இருக்கறதே தெரியாது. நீ விடிஞ்சா பேக்டரி பஸ்ஸு, இவரு பொழுது சாஞ்சா கம்ப்யூட்டரு. ஞாயித்துக்கெழமை ஆனா அமுக்கு, புடி, விடுன்னு ஒரே சத்தம், நடுவுல சிரிப்பு வேற. இனிமே ஞாயித்துக்கெழமையும் நிம்மதியா தூங்கலாம் நானு.

குமரவேல்: தூங்குங்க்கா.

ஆரோக்கியமேரி: வரட்டா? ஆட்டுக்கறி ஊற வெச்சுட்டு வந்தேன்.

காஞ்சனா: சரிங்க்கா...

குமரவேல்: மாடி ஏறிட்டாங்க.

காஞ்சனா: ம்.

குமரவேல்: என்ன பண்ணலாம்?

காஞ்சனா: என்ன பண்றது... அமுக்குங்க.

குமரவேல்: ஒண்ணு, ரெண்டு, மூணு. புடிச்சுட்டேன்.

காஞ்சனா: ...தொறந்துட்டேன்.

குமரவேல்: ...

காஞ்சனா: தொறந்துட்டேன் மாமா.

குமரவேல்: ...போச்சு.

காஞ்சனா: எதுவரைக்கும்?

குமரவேல்: தரை வரைக்கும்.

காஞ்சனா: ...சரி. மூடிட்டேன். விடுங்க.

குமரவேல்: விட்டுட்டேன்.

காஞ்சனா: இன்னொருக்கா.

குமரவேல்: ம்... புடிச்சாச்சு.

காஞ்சனா: தொறந்தாச்சு.

குமரவேல்: போச்சு. நல்லாவே போச்சு.

காஞ்சனா: மூடியாச்சு. எறங்கி பானெட்டைத் தூக்கி, டப்பாவுல ஆயில் எவ்வளவு இருக்குதுன்னு பாருங்க. இத்தனை தடவை தொறந்தா எறங்கியிருக்கணும்.

குமரவேல்: ...

காஞ்சனா: பாத்தீங்களா?

குமரவேல்: எறங்கியிருக்குது.

காஞ்சனா: நெசமாவா?

குமரவேல்: ஒரு வெரக்கடை எறங்கியிருக்குது. ஊத்தட்டுமா?

காஞ்சனா: ஊத்துங்க. பெயிண்ட்ல சிந்தீராதீங்க, தோலை உரிச்சுரும்.

குமரவேல்: வித்துட்டுப் போற வண்டிக்கு எதுக்கு பெயிண்ட்டைப் பத்திக் கவலை?

காஞ்சனா: போறது வரைக்கும் நம்முளுதுதான.

குமரவேல்: ஊத்திட்டேன். ...ஏன் அம்மணி, வர்ற ஞாயித்துக்கெழமை என்ன பண்ணுவ?

காஞ்சனா: துணி தொவைப்பேன். நீங்க?

குமரவேல்: புறாவுக்கு வலை கட்டுவேன்.

காஞ்சனா: அது ஒரு மணி நேர வேலை. அப்புறம்?

குமரவேல்: அப்புறம்... தெரியல. நீ தொவைக்கறதைப் பாப்பேன்.

காஞ்சனா: பாத்துக் கிழிச்சீங்க. போன் அடிக்குது, எடுங்க. என் கையெல்லாம் ஆயிலு.

குமரவேல்: ரஹீம் பாய்தான். ...சலாம் பாய். சொல்லுங்க. ...ஆமாங்க, அதைத்தான் பாத்துட்டு இருக்கறோம். ...சரிங்க, ஒரு நிமிசம். காஞ்சனா, பாய் சனத்நகர் வந்துட்டாராம். பிரேக் சரியா இருந்தா உள்ள வர்றேன், இல்லைன்னா இப்படியே செகந்திராபாத் போறேங்கறாரு. என்ன சொல்லட்டும்?

காஞ்சனா: என்னைய எதுக்குக் கேக்கறீங்க? கால் உங்களுது.

குமரவேல்: ஸ்பேனர் உன்னுது.

காஞ்சனா: இருங்க, கையைத் தொடச்சுக்கறேன்.

குமரவேல்: சொல்லு அம்மணி. காத்துட்டு இருக்காரு.

காஞ்சனா: புடிக்கலைன்னா புடிக்கலைன்னு சொல்லுங்க. நல்ல மனுசனை ஏன் காக்க வெக்கறீங்க?

குமரவேல்: பாய்... புடிக்கலைங்க. ...ஆமாங்க, தரைக்கே போகுது.

காஞ்சனா: பிரேக் சிலிண்டரே போயிருக்கும்னு சொல்லுங்க.

குமரவேல்: சிலிண்டரே போயிருக்குமாம்.

காஞ்சனா: சாமான் சீமையில இருந்து வரணும், மாசக்கணக்காகும்னு சொல்லுங்க.

குமரவேல்: கேட்டுச்சா பாய்? மாசக்கணக்காகும். ...அட, அதெல்லாம் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டோம். அந்த டிரையம்ஃப் நல்ல வண்டிங்க. கண்ணை மூடிட்டு எடுங்க. ...சரிங்க பாய். ஒரு நாளு பிரியாணிக்கு வாங்க. வெச்சர்றேன்.

காஞ்சனா: போயிட்டாரா?

குமரவேல்: வண்டியைத் திருப்பிட்டாராம்.

காஞ்சனா: அப்பாடா.

குமரவேல்: என்ன அப்பாடா?

காஞ்சனா: ஒண்ணுமில்ல. முதுகு சித்த லேசாச்சு.

குமரவேல்: இன்னும் அடியிலதான் கெடக்கற, எப்படி லேசாகும்?

காஞ்சனா: ஆகுது. உங்களுக்கென்ன?

குமரவேல்: ...ஒண்ணு சொன்னா கோவிச்சுக்காத.

காஞ்சனா: சொல்லுங்க.

குமரவேல்: மேரிக்கா வர்றதுக்கு முந்தியே பெடல் கல்லாட்டம் ஆயிருச்சு. இட்லி மாவுன்னு சொன்னது பொய்யி.

காஞ்சனா: தெரியும்.

குமரவேல்: எப்ப தெரியும்?

காஞ்சனா: தரை வரைக்கும் போச்சுன்னீங்களே, அப்ப. அக்கா மாடி ஏறினதுல இருந்து நான் நிப்பிளைத் தொடவே இல்ல. ஸ்பேனர் என் நெஞ்சு மேல கெடக்குது.

குமரவேல்: அதுவும் தெரியும் அம்மணி. நீ தொறந்துட்டேங்கற, எங்காலுக்கடியில பெடல் ஒரு நூலு அசையல... அப்பத்தான் எனக்கு உசுரே வந்துச்சு.