தறி நின்றபோது கேட்ட மூச்சு

இந்தப் பாராட்டு விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் விசைத்தறியாளர் சங்கத் தலைவர் நவநீதகிருஷ்ணன் அவர்களே! முன்வரிசையில் முகம் மலர வீற்றிருக்கும் மூத்தோரே! பந்தல் கொள்ளாமல் பெருகி வந்திருக்கும் தாய்மாரே! நம் ஊர்க் குழந்தையை மீட்டுத் தந்த மருத்துவர் சண்முகப்பிரியா அவர்களே! தறிக்காரன் ஜீவானந்தத்தின் தலை தாழ்ந்த வணக்கம்.

ஜலகண்டாபுரத்துப் பிள்ளைக்குத் தாலாட்டுவது யார்? தாயா? இல்லை, தறி! விருந்தாளி வந்து நலம் விசாரித்தாலும் கைச்சாடையில் பதில் சொல்லும் ஊரல்லவா இது? அங்கே ஓர் ஐயா "ஆமாங்க" என்கிறார். அவர் வீட்டில் எட்டுத் தறி!

அந்த இரைச்சலுக்குள்தான் என் பக்கத்து வீட்டுச் சரவணக்குமார், மதுமதி தம்பதியின் கைக்குழந்தை யுவஸ்ரீ வளர்ந்தாள். பராமரிப்புக்காக மின்சாரம் நின்ற ஒரு நாள், தறிகள் அத்தனையும் அடங்கின. ஒரு கீச்சொலி மட்டும் அடங்கவில்லை! சரவணக்குமார் என்ன செய்தார்? எண்ணெய்க் கேனைத் தூக்கிக்கொண்டு தறி தறியாகத் தேடினார்! "கரண்டே இல்ல, எந்தத் தறி கத்துது?" என்று திகைத்தார். தொட்டிலில் குனிந்த மதுமதி அலறினார்: "ஏனுங்க, தறி இல்லீங்க! நம்ம பாப்பா மூச்சுங்க!"

மருத்துவமனையில் உண்மை தெரிந்தது. மூச்சுக்குழலைத் தாங்கும் குருத்தெலும்பு வளையங்கள் நமக்கெல்லாம் பின்புறம் திறந்திருக்கும். யுவஸ்ரீக்கோ பிறவியிலேயே அவை முழுவட்டமாய் மூடி, குழலே குறுகியிருந்தது. கொஞ்சம் சளி அடைத்தாலும் உயிருக்கு ஆபத்து. பெற்றவர்கள் கதறினார்கள். நானும் அழுதேன், ஒளிப்பானேன்?

மருத்துவர் தளர்ந்தாரா? இல்லை! குறுகிய குழலைக் குறுக்கே வெட்டினார். மேல்துண்டை ஒருபுறமும் கீழ்த்துண்டை மறுபுறமும் கீறினார். ஒன்றின்மேல் ஒன்றை நகர்த்தித் தைத்தார். நீளம் குறைந்தது, அகலம் விரிந்தது, அடைபட்ட மூச்சு ஆறாய் ஓடியது! பாவு பாவாய் நெய்து குவிக்கும் ஊரே, விரல்நுனி அளவு இடத்தில் இப்படியொரு தையலைக் கண்டதுண்டா?

இன்று யுவஸ்ரீ... அதோ, ஒலிவாங்கியைப் பிடுங்க வருகிறாள்! "இரு சாமி, மாமன் முடிச்சுக்கறேன்!"

ஓடும் தறியை நிறுத்தச் சொல்லித் தறிக்காரனே பேசலாமா? பேசுவேன்! பிள்ளை உறங்கும்போது தறியை நிறுத்துங்கள். தொட்டிலருகே காது கொடுங்கள். மூச்சில் கீச்சொலி கேட்டால் மந்திரிக்க ஓடாதீர்கள், மருத்துவரிடம் ஓடுங்கள்!

சரவணக்குமார் இப்போதும் பொழுது சாய்ந்ததும் தறியை நிறுத்துகிறார். "இன்னும் பயமாப்பா?" என்று கேட்டேன்.

"பயமில்லீங்க. பாப்பா சத்தமே இல்லாம மூச்சு உடறா. அதக் கேக்கத்தானுங்க."

அந்த அமைதியை அந்த வீட்டுக்குத் தந்த மருத்துவருக்கு, தறி நிறுத்தி வந்திருக்கும் இந்த ஊரின் நன்றி! வணக்கம்!