செருப்புப் போட்ட பேய்

ஓடாத மின்விசிறிக்கு நேர்கீழே முகம் சுளிக்காமல் அமர்ந்து விழாவுக்குத் தலைமையேற்றிருக்கும் அன்புச் சகோதரி ஜெயப்பிரியா அவர்களே, கோவளத்துப் பெரியோர்களே, பேய்க்குப் பயப்படாவிட்டாலும் என் பேச்சுக்குப் பயந்து கதவோரம் இடம்பிடித்திருக்கும் தாய்மார்களே, அனைவருக்கும் இந்தத் திருநாவுக்கரசின் வணக்கம்!

ஓராண்டாக, ஞாயிறு பிற்பகல்தோறும் இந்த மண்டபத்தில் பழைய பேய்ப்படங்கள் பார்க்கிறோம். படங்களா அவை? பஞ்சில் செய்த மீசை! பட்டப்பகலில் எழுந்த பௌர்ணமி! பயமுறுத்த வந்து பல்லிளித்த பிசாசு! பிறகு ஏன் கூடுகிறோம்? மைக்கும் கையுமாக நின்று படத்தைக் கிண்டலடிக்கும் மொபைல் கடை பஷீருதீன் பாய்க்காகக் கூடுகிறோம்! எலும்புக்கூடு கயிற்றில் ஆடி வந்தபோது, "இன்னாபா, கொடில காயப்போட்ட துணி மாரி வந்துகினு கீது!" என்றாரே, என் வயிறு இரண்டு நாள் வலித்தது ஐயா!

தம்பி, விசிலைச் சற்று மிச்சம் வையுங்கள், வேலை இருக்கிறது.

சென்ற மாதப் படத்தில், நிலவொளியில் நம் கடற்கரை மணலில் வெள்ளைச் சேலைப் பேய் ஒன்று நடந்து வந்தது. காற்றில் சேலை விலகியது. காலில் என்ன? ரப்பர் செருப்பு! விட்டாரா பாய்? "பேய்க்குக் காலே கெடையாதுன்னாங்க, இதுக்குச் செருப்பே கீது மச்சான்!"

மண்டபம் அதிர்ந்தது. அப்போது பின்வரிசையில் ஒரு குரல்: "மணலு சுட்டுச்சி பாய்."

எழுந்து நின்றவர் நெம்மேலி எல்லம்மாள். பள்ளிச் சத்துணவுக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதுவரை அவர் வாய்விட்டுப் பேசி நான் கேட்டதில்லை.

"அது நான்தான். ராத்திரி இல்ல, உச்சி வெயிலு. கேமராவுல நீலக் கண்ணாடி போட்டு எடுத்தாங்க. பேயா நடிக்க வந்த பொண்ணு மணல்ல கால வைக்க மாட்டேன்னுடிச்சி. சவுக்கு நட்டுகினு இருந்த என்னை இஸ்துகினு போய் நிக்க வச்சாங்க. பேயா நடிச்சவள எவன் கட்டுவான்னு எங்கப்பா வெளிய சொல்லக்கூடாதுன்னுட்டாரு. எம் பொண்ணுக்கே தெரியாது."

பாய் படத்தை நிறுத்தினார். "மன்னிச்சுக்கம்மா" என்று மைக்கைக் கீழே வைக்கப் போனார். நம் ஞாயிறு அன்றோடு முடிந்தது என்றே நினைத்தேன். முடிந்ததா? எல்லம்மாள் வந்து அந்த மைக்கை வாங்கினார்!

"இன்னாத்துக்கு மன்னிப்பு? படம் வந்தப்ப என்னை எவனும் பாக்கல. நீதான் என் காலையாச்சும் பாத்தே. ஓட்டு படத்த!"

அதன்பின் படம் முடியும்வரை, தான் நடித்த பேயைத் தானே ஓட்டினார்! படம் ஓட்டுவோர் உண்டு, பேய் ஓட்டுவோர் உண்டு, ஆளை ஓட்டுவோர் உண்டு. மூன்றையும் ஒருசேர ஓட்டியவர் எல்லம்மாள் ஒருவரே!

அந்தப் படத்தின் பெயர்ப் பட்டியலில் குதிரைக்கு நன்றி உண்டு. எல்லம்மாளின் பெயர் இல்லை. எனக்குக் கோபம் வருகிறது ஐயா! சுடுமணலில் நடந்தது யார்? ("எல்லம்மா!") நாற்பது ஆண்டு வாய்மூடி இருந்தது யார்? ("எல்லம்மா!") சிரிப்புக்கு நடுவே சிரித்துக்கொண்டே எழுந்து நின்றது யார்?

உரக்கச் சொன்னீர்கள்! இன்று அதே படம் மறுபடி ஓடும். பட்டியலில் முதல் பெயராகப் பாய் புதிதாகச் சேர்த்திருக்கிறார்: 'பேய்: நெம்மேலி எல்லம்மாள்.' முன்வரிசையில் மகள் அன்பரசி அமர்ந்திருக்கிறார், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

பொன்னாடை காத்திருக்கிறது. வாருங்கள் அம்மா. ஏன் படியருகே குனிகிறீர்கள்? செருப்பைக் கழற்றவா? வேண்டாம் அம்மா, வேண்டாம்! அதைப் பார்க்கத்தானே ஊரே கூடியிருக்கிறது! செருப்போடே மேடையேறுங்கள்!

தம்பி, இப்போது அடியுங்கள் விசிலை! கேட்டவர்களுக்கு நன்றி, எங்கள் பேய்க்கு என் வணக்கம்!