அலுமாரியில் எனக்கொரு தட்டு

ஓர் அலுமாரியை ஒழுங்குபடுத்தக் காசு தேவையில்லை. பழைய சப்பாத்துப் பெட்டிகள், ஓர் ஈரத்துணி, கொஞ்சம் பொறுமை. இவை போதும்.

இப்போது எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் என் அறை அலுமாரியைத் திறந்து பார்த்துவிட்டு, எப்படிச் செய்தாய் என்று கேட்கிறார்கள். உடுப்புகள் ஒரு தட்டில், புத்தகங்கள் ஒரு தட்டில், மற்றத் தட்டுகள் வெறுமையாக. வெறும் தட்டுகளைத்தான் அவர்கள் அதிக நேரம் பார்க்கிறார்கள். அச்சுவேலியில் வெறும் தட்டுள்ள அலுமாரியைக் காண்பது அரிது. கேட்டவர்களுக்கு நான் பாதி விபரம்தான் சொல்லியிருக்கிறேன். மிகுதி மனதில் கிடந்து உறுத்துகிறது.

பக்கத்து வீட்டு லூர்த்தம்மா அன்ரிக்கு இந்தக் கரைச்சல் இல்லை. சனிக்கிழமை பின்னேரம் கத்தோலிக்கக் கோயிலுக்குப் போய்ப் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு, வரும் வழியில் மீனும் வாங்கிக்கொண்டு வந்துவிடுவார். நாங்கள் மெதடிஸ்த சபை. எங்களுக்கு அந்த வசதி கிடையாது. ஆகவே உங்களிடம் சொல்கிறேன்.

நான் அதிகம் கதைக்கிறவள் அல்ல. பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்துவிட்டு அரசாங்க நியமனத்துக்காகக் காத்திருக்கிறேன். அப்பா நான் சிறுமியாக இருந்தபோதே காலமாகிவிட்டார். வீட்டில் நானும் அம்மாவும் மட்டும். அலுமாரி என் அறையில்தான் நிற்கிறது. ஆனால் என் உடுப்புகள் கட்டிலுக்குக் கீழே ஒரு பயணப்பையில் கிடந்தன. அலுமாரி நிறைய மற்றவர்களின் சாமான்.

எங்கள் பக்கத்தில் வெளிநாடு போகிறவர்கள், கொண்டு போக முடியாததையும் எறிய மனமில்லாததையும் நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். "வந்து எடுக்கிறம்" என்பார்கள். எங்கள் உறவுக்குள் அந்த நம்பிக்கையான ஆள் எப்போதும் என் அம்மா நவமணிதான். லண்டனில் இருக்கும் மிரியம் மாமியின் கல்யாணச் சேலை, ரொறன்ரோவில் இருக்கும் றோகான் அண்ணையின் கிரிக்கெட் கால் கவசம் (இடதுகால் மட்டும்), யாரோ ஒருவரின் தட்டெழுத்துப் பொறி, இன்னும் யாரோ ஒருவரின் திரைச்சீலைகள். போரில் ஊரே வெளியேறிய பெரிய இடப்பெயர்வின்போது எங்கள் வீட்டுச் சாமானை விட்டுவிட்டு, மாமியின் சேலை இருந்த சூட்கேசைச் சைக்கிளில் கட்டித் தென்மராட்சி வரை உருட்டிக்கொண்டு போனவர் அம்மா. திரும்பக் கொண்டுவந்தும் சேர்த்தார். "நவமணியிட்டைக் குடுத்தால் குடுத்ததுதான்" என்று சனம் சொல்லும். அம்மாவிடம் காணியோ நகையோ பெரிதாக இல்லை. அந்தப் பெயர் இருந்தது. ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது அந்தப் பெயரை உடுத்திக்கொண்டுதான் நடப்பார்.

எனக்கு வேண்டியிருந்தது ஒரு தட்டு.

முதலில் நேர்வழியில் முயன்றேன். இதை நீங்கள் கவனத்தில் எடுக்கவேண்டும். றோகான் அண்ணைக்கு வட்ஸ்அப்பில் அழைப்பு எடுத்து, அந்தக் கால் கவசத்தைக் காட்டினேன்.

"உதை எறிஞ்சு போடாதை நிரோ" என்றார். "உதுக்குப் பின்னாலை ஒரு கதை இருக்கு."

"அப்ப கனடாவுக்கு அனுப்பட்டா?"

"விசரே உனக்கு? அனுப்பிற காசுக்கு இஞ்சை புதுசு வாங்கலாம். அங்கையே கிடக்கட்டும்."

"ஆருக்கு அண்ணை?"

"ஒருத்தருக்கும் இல்லை. சும்மா கிடக்கட்டும் எண்டுறன்."

மிரியம் மாமி இன்னும் அன்பாகச் சொன்னார். லண்டன் ஈரத்துக்குப் பட்டு பழுதாகிவிடுமாம். எங்கள் வீட்டுக் காய்ந்த காற்றுத்தான் அதற்குச் சரியாம். அவர் இலங்கைக்கு வரும்போதெல்லாம் சேலையைப் பார்த்துவிட்டு மறுபடி எங்களிடமே விட்டுவிட்டுப் போகிறவர்.

பிறகு சப்பாத்துப் பெட்டிகளுக்கு வந்தேன். யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையொன்றில் சும்மா தந்தார்கள். சின்னச் சாமான்களைப் பெட்டிகளில் பிரித்தேன். துணிகளை மடிக்காமல் சுருட்டி, நிமிர்த்தி அடுக்கினேன். சுருட்டினால் இடம் மிச்சம். ஒரு முழுத் தட்டு வெளித்தது. செலவு பஸ் காசு மட்டும். அந்தத் தட்டைத் துடைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் முன்னால் நின்றேன்.

அது சனிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அம்மா என் கெட்டித்தனத்தைப் பற்றி நாலு பேரிடம் சொல்லியிருக்கிறார். அன்று பின்னேரமே, சுவிஸுக்குப் புறப்பட இருந்த, எங்கள் சபையைச் சேர்ந்த லியோன் ஒரு பெரிய சூட்கேசோடும் மீன் இல்லாத ஒரு மீன்தொட்டியோடும் வந்து நின்றான். "வந்து எடுக்கிறன் அன்ரி" என்றான். என் முதற் பரிசோதனையின் முடிவு இதுதான்: இடம் உண்டாக்கினால் சாமான் உண்டாகும்.

லியோன் போனபின் அம்மாவிடம், எனக்கென்று ஒரு தட்டுத் தரமுடியாதா என்று கேட்டேன். அம்மா மீன்தொட்டியைப் பார்த்தபடி நின்றார்.

"நான் என்ன செய்ய பிள்ளை? தாறதை வேண்டாமெண்டு சொல்ல எனக்கு வாய் வராது. வாங்கினதைக் கொண்டுபோ எண்டு சொல்லவும் வாய் வராது. என்ரை கையாலை எறியவும் மாட்டன். சொன்ன சொல்லெண்டு ஒண்டு இருக்கெல்லே. ஆண்டவராப் பாத்து எடுத்தால்தான் உண்டு."

அதை அம்மா பெருமையாகச் சொன்னார் என்றே எடுத்துக்கொண்டேன்.

அந்த மாதம் அம்மாவுக்குப் பெரியாஸ்பத்திரியில் கண்புரை சத்திரசிகிச்சைக்கு நாள் கிடைத்தது. முதலில் வலது கண். குனியக்கூடாது, தூசு படக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது என்றார்கள். வீட்டைக் கூட்டும் பொறுப்பு முழுவதும் என்னிடம் வந்தது. அலுமாரியை ஒழுங்குபடுத்தும் வேலையின் இரண்டாம் கட்டத்தை அப்போதுதான் தொடங்கினேன்.

முதலில் சுத்தம். அலுமாரியின் கால்கள் கழிவு ஒயில் ஊற்றிய மீன்பேணிகளுக்குள் நின்றன. எங்கள் செம்மண் ஊரில் பூச்சி ஏறாமலிருக்கப் பல வீடுகளில் அப்படித்தான். பார்க்க அசிங்கம். நான் பேணிகளை எடுத்துச் சவர்க்காரம் போட்டுக் கழுவி வெயிலில் காயவைத்தேன். திரும்ப வைக்கவில்லை. பேணி கழுவுவதை யாரும் குற்றம் என்று சொல்லமாட்டார்கள்.

அடுத்தது இடம். அலுமாரியைக் குளியலறைச் சுவரோடு ஒட்டித் தள்ளினேன். அறை பெரிதாகத் தெரிந்தது. அந்தச் சுவர் எப்போதும் ஈரம். அங்கே நிலத்தில் ஒரு வெடிப்பும் இருந்தது. சப்பாத்துப் பெட்டிகளை அலுமாரிக்குள் முதுகுப் பலகையோடு சேர்த்து அடுக்கினேன். காய்ந்த பெட்டிமட்டை விறைப்பாக இருக்கும் என்பதால் கொஞ்சம் தண்ணீர் தெளித்தேன்.

அலுமாரி தேக்கு. அதன் முதுகுப் பலகை மட்டும் மலிவான ஒட்டுப்பலகை. இதையும் குறித்துக்கொண்டேன்.

கடைசியாக, வளவின் மூலையில் உக்கிக் கிடந்த பனங்குற்றியில் ஒரு துண்டை வெட்டி எடுத்துவந்து, அலுமாரிக்கும் சுவருக்கும் நடுவில், அந்த வெடிப்பின்மேல் வைத்தேன். துண்டுக்குள் ஆட்கள் இருந்தார்கள்.

என் இறுதி ஆண்டு ஆய்வு கறையானைப் பற்றியது. அதனால் அவர்களை எனக்குக் கொஞ்சம் தெரியும். சத்தம் போடமாட்டார்கள். வெளிச்சத்துக்கு வரமாட்டார்கள். தங்களுக்கென்று எதையும் சேர்த்துவைத்து, வந்து எடுக்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போகமாட்டார்கள். வேலை செய்யும் கறையானுக்குக் கண் இல்லை. அம்மாவுக்கும் அப்போது ஒரு கண்ணில் கட்டு, மற்றக் கண் மங்கல். வீட்டில் பார்வையுள்ள ஆள் நான் ஒருத்திதான்.

அம்மாவை நன்றாகப் பார்த்துக்கொண்டேன். வேளை தவறாமல் சொட்டுமருந்து விட்டேன். மீன் முள்ளெடுத்துக் கொடுத்தேன். வேதாகமம் வாசித்துக் காட்டினேன். ஒவ்வொரு பின்னேரமும் அம்மா, "அலுமாரிச் சாமான் எல்லாம் சுகமோ?" என்று, ஆட்களை விசாரிப்பதுபோல் கேட்பார். "ஓம் அம்மா, எல்லாம் அப்பிடியே இருக்கு" என்பேன். பிறகு அறைக்குள் போய்ச் சுவரில் காதை வைத்துக் கேட்பேன். ஆய்வுகூடத்தில்கூட என் கறையான்கள் இவ்வளவு நன்றாக வளர்ந்ததில்லை. நான் தண்ணீர் தெளிக்க மறந்த நாட்களிலும் அந்த மூலை ஈரமாகவே இருந்தது. இயற்கை சில வேளை ஒத்துழைக்கும்.

முதற் கண் தெளிந்தபோது எனக்குச் சிறிது கவலை. கறையான் அப்போது கீழ்த்தட்டுச் சாமானைத்தான் முடித்திருந்தது. மற்றக் கண்ணுக்கு அவசரமில்லை, அடுத்த வருடமும் செய்யலாம் என்று டொக்டர் சொல்லியிருந்தார். ஒரு கண் தெளிவும் ஒரு கண் மங்கலுமாக நடந்தால் தலையிடி வரும், விழுந்துவிடவும் கூடும் என்று அம்மாவுக்கு எடுத்துச் சொன்னேன். அம்மா உடனே சம்மதித்தார். என் பேச்சுக்கு இவ்வளவு வலு இருக்கிறது என்று அதுவரை எனக்குத் தெரியாது.

இரண்டாவது கண்ணும் தெளிந்து சில நாட்களில், ஓகஸ்ட் விடுமுறைக்கு மிரியம் மாமி வந்தார். இம்முறை சேலையைக் கொண்டுபோகவே வந்திருந்தார். லண்டனில் மகளுக்குக் கல்யாணம். தாயின் சேலையைத்தான் உடுப்பேன் என்று மகள் சொல்லிவிட்டாளாம்.

அம்மா அலுமாரித் திறப்பை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். மாமி பின்னால். நான் கதவடியில் நின்றேன். அலுமாரிக் கதவு திறந்ததும் முதலில் ஒன்றும் தெரியவில்லை. பெட்டிகள் வரிசையாக, நான் அடுக்கியபடியே இருந்தன. அம்மா ஒரு பெட்டியைத் தொட்டார். அது மண்ணாகக் கொட்டியது. அடுத்ததும் அப்படியே. திரைச்சீலைகள், லியோனின் சூட்கேசுக்குள் இருந்த உடுப்புகள், கால் கவசம் எல்லாம் வெளித்தோற்றம் மட்டும் வைத்துக்கொண்டு நின்றன. பட்டு கறையானுக்கு உணவல்ல. ஆனால் சேலை வழியில் இருந்தது. ஊடாகப் போயிருந்தார்கள்.

மாமி சேலையை மடியில் வைத்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டார். "ஒவ்வொரு முறையும் தொட்டுப் பாத்திட்டுத் திருப்பி வைச்சிட்டுப் போனனான்" என்றார். கோபமாக இல்லை. கரையைப் பிடித்துத் தூக்கினார். கரை மட்டும் வந்தது.

"என்ரை பிழை மச்சாள். நான் பாக்கேல்லை" என்றார் அம்மா.

மாமி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "கண் தெரியாமல் கிடந்தனி, நீ என்ன செய்வாய்" என்றார்.

இருவரும் அழுதார்கள். என்னிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. நான் தேநீர் போட்டேன்.

அதன்பின் அம்மா ஒவ்வொருவரையும் தொலைபேசியில் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டார். றோகான் அண்ணை, கவசத்தில் ஒரு துண்டாவது மிஞ்சியதா என்று கேட்டாராம். லியோனின் தமையன் வந்து மீன்தொட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். நான் அலுமாரியைத் துப்புரவாக்கி, ஒயில் பேணிகளைத் திரும்ப வைத்தேன். சபையில் கதை பரவியது. இப்போது "நவமணியிட்டைக் குடுக்கிறதும் கறையானுக்குக் குடுக்கிறதும் ஒண்டுதான்" என்கிறார்களாம். யாரும் எதையும் கொண்டு வருவதில்லை. ஆராதனை முடிந்ததும் அம்மா ஒருவரோடும் நின்று கதைக்காமல் நேரே வீட்டுக்கு வந்துவிடுகிறார். மத்தியானம் நன்றாக நித்திரை கொள்கிறார். எழும்பி, பாட்டு முணுமுணுத்தபடி பூமரங்களுக்குத் தண்ணீர் விடுகிறார். துக்கம் ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு மாதிரி வெளிப்படும்.

அதைப் பார்க்கப் பொறுக்காமல் போன கிழமை அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"தெரியும் பிள்ளை."

"எப்ப தொடக்கம்?"

"முதற் கண் கட்டவிழ்த்து வந்தண்டைக்கு. பேணியளைக் கழுவிக் கவிட்டு வைச்சிருந்தாய். ஒயில் பேணியை ஆரும் சவர்க்காரம் போட்டுக் கழுவுவினமே?"

"ஏன் என்னை ஏசேல்லை?"

"நான் ஆண்டவரைக் கேட்டனான். அவர் உன்னை அனுப்பினவர்." இன்னொரு காயை முறித்தார். "அதுக்குள்ளை கிடந்த என்ரை சீலையை மட்டும் எடுத்துத் தலகாணி உறைக்குள்ளை வைச்சனான். அதை ஆரும் கேட்டு வரமாட்டினம்."

"அப்ப மாமியின்ரையை?"

அம்மாவின் கை கொஞ்சம் நின்றது. "அது எனக்கும் கவலைதான். ஆனால் அதை மட்டும் எடுத்திருந்தால் ஆக்கள் யோசிப்பினம் எல்லே."

அம்மா என்னைத் தேற்றுவதற்காக இதைச் சொல்கிறார். பாரம் முழுவதும் பிள்ளையின் தலையில் விழக்கூடாது என்று எந்தத் தாயும் நினைப்பாள். தலையணை உறைக்குள் சேலை இருப்பது உண்மைதான். நான் பார்த்தேன், ஒரு நூல் போகவில்லை. ஆனால் ஒரேயொரு அவதானிப்பை வைத்து முடிவுக்கு வரக்கூடாது என்று எங்களுக்குப் படிப்பித்திருக்கிறார்கள். கறையானைக் கொண்டுவந்தவள் நான். அம்மாவின் கண்ணைப் பயன்படுத்தியவள் நான். மாமியின் சேலையை அழித்தவள் நான். வேறு யாருடைய உதவியும் இல்லாமல் நான் செய்து முடித்த முதற் காரியம் இது. அதைப் பங்குபோட எனக்கு விருப்பமில்லை.

நேற்று அம்மா குசினிக்குப் பக்கத்துச் சாமான் அறையைத் திறந்து காட்டினார். பெரியப்பா ஒஸ்ரேலியாவுக்குப் போகும்போது விட்டுப்போன கதவுகளும் யன்னல்களும் கூரை வரை கிடக்கின்றன.

"இதுக்குள்ளை ஈரம் காணாது, என்ன?" என்றார்.

போதாதுதான். ஆனால் கிணற்றடித் தண்ணீரை ஒரு வாய்க்கால் வெட்டி அந்தப் பக்கம் திருப்பலாம். செலவில்லை. நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். இம்முறையும் திட்டம் முழுவதும் என்னுடையதாகத்தான் இருக்கும்.